பயனாளிகள் எத்தனை பேர்?

சனிக்கிழமை பத்து மணிக்கு
எல்.ஆர். நகர் முனையில் வெள்ளை வேன் நிற்கும்.
சந்துக்குள் நுழையாது அது.
பெட்டிகளை நாங்கள்தான் சுமப்போம்
சமுதாயக் கூடம் வரை.

மோட்டார் இரண்டு, சக்கரம் நான்கு,
வயர் இருபத்துநாலு.
போகும்போது எண்ணித் திருப்பித் தர வேண்டும்.
போன மாதம் சிவப்பு எல்.இ.டி. ஒன்று குறைந்தது.
யாரும் எங்களைச் சோதிக்கவில்லை.
நாங்களாகவே பையைத் திறந்து காட்டினோம்.

"உங்கள் பகுதியின் பிரச்சனை ஒன்றை
அறிவியலால் தீர்க்கவும்" என்றது தாள்.
பிரச்சனைக்கா பஞ்சம்?
சாக்கடை பொங்கினால் அலறும் மணி என்றான் மோசஸ்.
தண்ணி லாரி திரும்பும்போதே எரியும் விளக்கு,
இது தப்ரேஸ்.
கைதட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள்.

வேன் டிரைவர் சொன்னார்:
இதே வண்டி ஞாயிற்றுக்கிழமை
பணம் கட்டும் பள்ளிக்கும் போகுமாம்.
அங்கே பிள்ளைகள் தொலைநோக்கியில்
சனியின் வளையத்தைப் பார்த்தார்களாம்.
வளையத்தால் உங்கள் தெருவுக்கு என்ன லாபம் என்று
அவர்களை யாரும் கேட்டாரா?
அது டிரைவருக்குத் தெரியவில்லை.

நான் எழுதினேன்:
ஒரு மயிரின் பருமன் எவ்வளவு?

ஒளி ஓரத்தில் வளையும் என்று
அனகா மேடம் போன வாரம்
பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போனது
ஏழு நாளாய் என் காதில் குடைந்துகொண்டிருந்தது.

கடைசிக் கட்டம்: பயனாளிகள் எத்தனை பேர்?
நான், என்று எழுதினேன்.
மேடத்தின் பேனா அந்த இடத்தில் நின்றது.
"ஜெசிந்தா, வேற ஏதாவது யோசிக்கலாமா?"
சரி மேடம், என்றேன்.
யோசிக்கவில்லை.

சிவாஜிநகர் மாதா தேரன்று
முப்பது ரூபாய்க்கு வாங்கிய லேசர்.
ஸ்டிக்கரில் 650 என்று இருக்கும்.
சிம் பிய்த்தெடுத்த பிளாஸ்டிக் அட்டை.
அதன் ஓட்டைக்குக் குறுக்கே
தகர இடுக்கில் அம்மா சுருட்டிச் செருகிய முடியிலிருந்து
ஒற்றை இழை, செல்லோடேப் போட்டு.
எங்கள் வீடு ஒன்பதடி.
போதவில்லை.
அரிசி டிரம்மைக் கதவோரம் இழுத்து
எதிர்வீட்டு நீலச் சுவரைக் கடன் வாங்கினேன்.
மூன்று மீட்டர்.
தெருவிளக்குதான் எல்லாவற்றையும் கழுவிக்கொண்டிருந்தது.

ஏழே காலுக்குக் கரண்ட் போனது.

அதுவரை ஒரு சிவப்புப் புள்ளியாய் இருந்தது
மயிர்மேல் பட்டதும்
பக்கவாட்டில் உதிர்ந்தது:
சிவப்பு, இருட்டு, சிவப்பு,
இருட்டு, சிவப்பு
ஜன்னல் வரைக்கும்.

"ஏனு இது?" என்று ரத்னம்மா வெளியே வந்தாள்.
லோகித் கையை நீட்டி ஒரு கோட்டைப் பிடித்தான்,
கோடு அவன் கைமேல் ஏறிக்கொண்டது.
"இதுல கரண்ட் வந்துடுமா?" என்றார் ஆட்டோக்காரர்.
வராது, என்றேன்.
"அப்போ எதுக்கு?"
கேட்டாரே தவிர நகரவில்லை.

இருட்டுக்கும் இருட்டுக்கும் நடுவில்
ஸ்கேல் வைத்தேன். மூன்று சென்டிமீட்டர்.
கேஸ் ரசீதின் முதுகில் வகுத்தேன்.
பெருக்க வேண்டிய இடத்தில் ஒருமுறை வகுத்து
மயிர் யானைத் தும்பிக்கை அளவுக்கு வந்தது.
அடித்துவிட்டு மறுபடியும் போட்டேன்.
அறுபத்தைந்து மைக்ரான்.
பதினைந்து மயிரை அடுக்கினால்
ஒரு மில்லிமீட்டரை எட்டிப் பிடிக்கும்.

டெக் பார்க்கில் எட்டு மாடி துடைத்துவிட்டு
அம்மா வந்தாள், அடையாள அட்டை கழுத்தோடு.
சுவரைப் பார்த்தாள்.
"என் முடியா அது?"
ஆமாம்.
"மெலிஞ்சிருக்கா?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
போன வருடத்து முடி என்னிடம் இல்லை.
ஒரே ஒரு அளவு
எதையும் சொல்லாது.

அம்மா காதோரம் தடவி
ஒரு நரையைப் பிடுங்கினாள்.
"இதையும் பாரு."

அட்டையில் அதை ஒட்டும்போதே கரண்ட் வந்துவிட்டது.
"ஏய்..." என்று கத்தியது சந்து முழுக்க,
சந்தோஷத்தில் அல்ல.

சுவரில் பென்சிலால் எழுதியிருக்கிறேன்,
சிலிண்டர் பதிவு செய்த தேதிக்குக் கீழே:
கறுப்பு 65.
வெள்ளை என்று எழுதி
பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன்.
பத்து மணி ஆகியும் வாசலில் ஏழெட்டுப் பேர்,
கரண்ட் போகட்டும் என்று.